இரண்டு செக்கன்

ஒன்றுமே இல்லாத
இரண்டு செக்கன் தா என்கிறது மென்பொருள்.
எது இரைச்சல் என்று அதைக் கேட்டுத்தான் படிக்குமாம்.

திருக்கடலூரில் இருந்துகொண்டு
ஒன்றுமே இல்லாத இரண்டு செக்கனுக்கு
நான் எங்கே போக.

சுவர் முழுக்க முட்டைத் தட்டு.
யன்னலுக்கு ஒரு மெத்தை, அதற்குமேல் மாமி வீட்டு மெத்தை.
ஃபானை நிறுத்தி
பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி
(பாரைக்குட்டி நாறியது, அது வேறு கதை)
பாண்காரனின் ஓட்டோ தன் ஒரேயொரு மெட்டோடு
டொக்யாட் றோட்டுக்குத் திரும்பும்வரை பொறுத்து
விரலைத் தூக்கினேன்.
ஜெசிந்தா மூச்சைப் பிடித்தாள்.

நேர்கோடு வரவில்லை.
புழு நெளிகிற அளவுக்கு ஏதோ அசைந்தது.
கடல்.
திரையிலும் திரை.

பாமசி ஷட்டரை இழுத்துவிட்டு வருகிறவள் ஜெசிந்தா.
விரலில் ஸ்பிரிற் மணம் போயிருக்காது.
பாடுவது கனடாவில் ஒரு மண்டபத்துக்காக:
மணப்பெண் படியிறங்க மூன்று நிமிடம்,
பெயர் நான்கு இடத்தில் வரவேண்டும்.
பெயர் சஸ்மிகா.
அரைவாசிக் காசு வந்துவிட்டது.

முதல் கோப்பு அனுப்பியதும்
பெண்ணின் சித்தப்பா வொய்ஸ் போட்டார்:
"தங்கச்சி, குரல் நல்லம்.
பின்னால ஏதோ பொரியுது, அதை எடுத்துவிடுங்கோ."

பொரிகிறதாம்.
கோணேசர் மலையில் அடிபட்டுத் திரும்புகிற தண்ணீர்.

எடுத்தேன்.
கடல் இதுதான் என்று மெஷினுக்குக் காட்டிக்கொடுத்தேன்.
எழுபத்தெட்டு வீதத்தில் வைத்து ஒரு தட்டு.
கடல் போயிற்று.

கடல் போவதை முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
மார்கழியில், ஏழு வயதில்.
அப்போதும் இப்படித்தான்
துப்புரவாக இருந்தது
கொஞ்ச நேரம்.

ஜெசிந்தா ஹெட்போனை மாட்டினாள்.
பெயர் வரும் இடத்தில் புருவம் நெரிந்தது.
"இது ஆரைக் கூப்பிடுறன்?"

அமிகா.
நான்கு இடத்திலும் அமிகா.

மெஷினில் பிழை சொல்ல ஏலாது.
ஆறாயிரம் ஏழாயிரம் ஹேர்ட்ஸில்
அலை மணலை இழுக்கிற சத்தமும்
நாக்கு பல்லருகே காற்றை இழைக்கிற சத்தமும்
அதற்கு ஒன்றுதான்.
ஸ் வடவெழுத்து என்று
எங்களுக்குப் படிப்பித்தார்கள்.
இப்போதுதான் தெரிகிறது
அது கடலெழுத்து.

நீக்கியதை மட்டும் கேட்க
மூலையில் இன்னொரு பொத்தான் இருக்கிறது.
ஆரும் அமத்துவதில்லை.
அமத்தினேன்.

அலை. பிறகு அலை.
ஒரு வள்ளத்தின் எஞ்சின், எப்போது போனதோ.
போய்விட்டது என்று நாங்கள் நம்பிய பாண் ஓட்டோ
பற்றரி இறங்கி
அரைச் சுதி குறைந்து.
இவற்றுக்கு நடுவே
ஈரப் பெட்டியில் தீக்குச்சி உரசுகிற மாதிரி
ஸ்
ஸ்
பற்றாமல், நான்கு இடத்திலும்.

ஜெசிந்தா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"என்ர மூச்சும் இதுக்குள்ளதான் கிடக்கு."
கிடந்தது.
ஒவ்வொரு அடிக்கும் முன்னால்,
நாள் முழுக்க நின்ற காலோடு.

சாமம் ஒன்றரைக்கு
பெயர் வரும் இடங்களில் மட்டும்
கடலைத் திரும்ப உள்ளே விட்டேன்.
ஒவ்வொன்றும் அரைச் செக்கன்.
ஓரங்களைத் தேய்த்து விளிம்பு தெரியாமல் செய்தேன்.
மூச்சை ஆரும் கேட்கவில்லை,
அதையும் வைத்தேன்.

"இப்ப கிளியர்" என்றார் சித்தப்பா.
ஒரு பெருவிரல். மிச்சக் காசு.

சனிக்கிழமை அங்கே பனி கொட்டுமாம்.
அவள் படியிறங்குவாள், கமெராக்கள் பின்னால் நடக்கும்.
பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தரமும்
எங்கள் கரையில் ஒரு அலை ஏறி இறங்கும்.
அதை இன்வொய்சில்
எந்த வரியில் போடுவது என்று தெரியவில்லை.

விடியப்போகிறது.
பிரிட்ஜின் பிளக்கை இன்னும் குத்தவில்லை.