லி

மயேபூர் கோர்ட். செவ்வாய்க்கிழமை.
மூன்று விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது,
அதுவும் எழுத்தர் தலைக்கு மேல்.
காணாமல்போனது ஒரு படகு எஞ்சின், பதினைந்து குதிரைச் சக்தி.
சாட்சி மதாம் ஜினெத், மீன் விற்பவள்.
அவள் கிரியோலை ஆங்கிலமாக்க
சம்பளத்துக்கு நான், தேவயானி சூப்பிரயேன்.

கேட்டார்கள்: அன்றிரவு என்ன கண்டாய்?
சொன்னாள்: லி பிரான் லி, லி அலே.

அவ்வளவுதான்.
கூடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது,
பதிவேட்டைத் தவிர.

எங்கள் கிரியோலில் அவன் லி, அவள் லி,
நாய் லி, எஞ்சின் லி, புயலும் லி.
எடுத்தது லி. எடுபட்டதும் லி.
கடைசியில் போனது எந்த லி என்று
கடலைத்தான் கேட்க வேண்டும்.

ஆங்கிலமோ சுங்கச்சாவடி.
முன்னால் போன பெயர்ச்சொல்லின் சீட்டைக் காட்டு,
ஆணா பெண்ணா, ஒன்றா பலவா,
ஒத்துப்போனால் உள்ளே வா.
முன்னால் ஒரு பெயரும் போகவில்லையே ஐயா,
நான் யாரோடு ஒத்துப்போக?

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்:
ஹீயா, ஷீயா?
திருப்பிக் கேட்டேன். ஆணா பெண்ணா, மதாம்?
லி, என்றாள் ஜினெத்.
சொல்லும்போது கடைசி பெஞ்சை அவள் பார்க்கவில்லை.
அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்ததில்
நான் பார்த்துவிட்டேன்:
அவள் மகளும் மருமகனும்,
இரண்டு மடியிலுமாக
மடித்த ஒரே குடை.

தமிழ் என்றால் அவர் என்று தப்பித்திருப்பேன்,
ஒற்றை ரகரத்துக்குள் இருவரில் யாரையும் ஒளிக்கலாம்.
எஞ்சின் திருடினதற்கு மரியாதை விகுதியா
என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

தே, என்றேன்.
தே டுக் இட். தே லெஃப்ட்.

எழுத்தரின் விரல் அந்தரத்தில் நின்றது.
ஒரு ஆள் என்றுதானே வழக்கு,
இப்போது எத்தனை பேர்?
மாஜிஸ்திரேட் மணியைப் பார்த்தார்.
பன்னிரண்டு ஐம்பது.
அப்படியே போடு, என்றார்.

வெளியே தால்பூரிக்காரன்.
ஜினெத் ஒரு ஜோடி வாங்கினாள்.
இங்கே ஜோடியாகத்தான் விற்பார்கள்;
அது ஒருமையா பன்மையா என்று
எவரும் சண்டை பிடிப்பதில்லை.
உள்ளே என் லியை என்னவாக்கினாய்?
பலராக்கினேன்.
எத்தனை பேர்?
எனக்கெப்படித் தெரியும், மதாம்.
மேலிருந்த பூரியை உரித்து
என் கையில் வைத்தாள்.
அப்படியானால் அதில் நீயும் உண்டு, என்றாள்.

மிளகாய் கொஞ்சம் அதிகம்தான்.