ஆளுக்கு எவ்வளவு

டாஷ்போர்டு அறைக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று:
தேதி, கிலோமீட்டர், லிட்டர்.
கன்னியகோயில் பங்க்கில் மட்டும்தான் போடுவேன்.
எல்லை தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு,
கடலூர்க்காரர்களுக்கு இது ஒரு தனி மதம்.
முள் சிவப்பில் படுத்த பிறகும்
முள்ளோடை வரை நம்பிக்கையில் ஓட்டுவோம்.

நாலு பேர்.
ஓட்டுவது நான்.
பக்கத்தில் இருதயநாதன், பேப்பரோடு.
பின்னால் கலைவல்லி,
மீதி முக்கால் சீட்டில் தனகோட்டி,
மடியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்
(புதுச்சேரித் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது).
ஏசி இரண்டில் ஓட வேண்டும்,
ஜன்னலும் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும்.
செலவு நாலாய் உடையும்.

ஆவணியில் கூட்டிப் பார்த்தேன்.
லிட்டருக்குப் பதினாலரைகூட இல்லை.
விற்றவன் சத்தியம் செய்தது இருபது.

செம்மண்டலத்தில் ஹபீப் கேஜை வைத்தான்.
முன் இடது, இருபத்தொன்று.
"இது டயர் இல்லக்கா, தலகாணி.
வார் அறுந்த செருப்பாட்டம்
தேய்ச்சு தேய்ச்சு நடக்குது வண்டி.
உங்க காசுதான் ரோட்டுல தேயுது."
கதவிடுக்கு ஸ்டிக்கரை விரலால் துடைத்துப் படித்தான்.
"எத்தன பேரு போவீங்க?"
நாலு.
"அப்ப முப்பத்திமூணு."

ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டினான்.
சிப்காட் புழுதி, வேப்பம்பூ,
ஒரு பூரானின் காய்ந்த பாதி.
கூரை கேரியர் திருப்பதிக்கு ஒரே ஒரு முறை போனது,
நாலு வருஷமாகக் காற்றைத்தான் ஏற்றி வந்திருக்கிறது.
கழற்றிய பிறகுதான் தெரிந்தது,
ரெட்டிச்சாவடிக்கு அப்பால் தினமும் கேட்ட விசில்
போலீஸ் இல்லை என்று.

டிக்கியைக் காலி செய்யவைத்தது ஆல்பேட்டை செக்போஸ்ட்.
"பாட்டில் இருக்கா?" என்று திறக்கச் சொன்ன ஏட்டு
கல்லாகிப்போன அரை மூட்டை சிமெண்ட்டையும்
செத்த பேட்டரியையும்
ஒற்றைக் கால் டேபிள் ஃபேனையும் பார்த்துவிட்டு
மெதுவாக மூடினார்.
"போம்மா" என்றார்.
பாட்டில் இருந்திருந்தால்கூட
அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

எண்பதில் போவதை அறுபதாக்கினேன்.
தவளக்குப்பத்தில் தனியார் பஸ்கள் ஹாரனால் திட்டின.
மரப்பாலம் சிக்னலில் எஞ்சினை அணைத்தேன்.
அந்தத் தொண்ணூறு நொடியில்
இருதயநாதன் பக்கம் புரட்டுவது கேட்டது.

ஐப்பசிக் கடைசி: பதினேழு.
நோட்டைத் தூக்கிக் காட்டினேன்.
யாரும் கைதட்டவில்லை.
கலைவல்லி மொபைலில் கணக்குப் போட்டாள்.
மாதம் ஆயிரத்து நூற்றைம்பது கிலோமீட்டர்,
லிட்டர் நூறு என்றே வைத்துக்கொள்.
அப்போது எண்பது லிட்டர், ஆளுக்கு இரண்டாயிரம்.
இப்போது அறுபத்தெட்டு லிட்டர்தான்,
ஆனால் ஆளுக்கு இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தேழு.

புரட்டாசி நடுவில் தனகோட்டியைக்
காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள்.
அதை நோட்டில் எழுத எந்தக் கட்டமும் இல்லை.
பதினேழில் டயருக்கு எவ்வளவு,
கேரியருக்கு எவ்வளவு,
அவருடைய தொண்ணூறு கிலோவுக்கு எவ்வளவு,
தண்ணீர் கேனுக்கு,
விரற்கடை ஜன்னலுக்கு?
எப்படிப் பிரிப்பது?

நேற்று ஹபீப் கேஜோடு குனிந்தான்.
"இப்ப எத்தன பேருக்கா?"
முப்பத்திமூணே வை, என்றேன்.
"மூணு பேருக்கு முப்பது போதும்,
குழியில தூக்கிப் போடும்."
ரெண்டு மூணு கூட இருந்தால்
நன்றாக உருளுமாமே, என்றேன்.
அவன் தோளைக் குலுக்கினான்.
காற்றுக்குக் காசும் வாங்கவில்லை.

அரியாங்குப்பம் பாலத்து மூட்டில்
பின் சீட்டு மட்டும் ஒருமுறை எகிறி விழுந்தது.
கலைவல்லி ஒன்றும் சொல்லவில்லை,
ஓரத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து
நடுவில் உட்கார்ந்தாள்.