ஒன்று, எட்டு, நான்கு, மூன்று

எங்கள் வீட்டில் சாவி.
பெரியத்தா வீட்டில் ஆர்.சி. புத்தகம்.
நடுவே, கூத்தாநல்லூர் அரிசி மில் கிடங்கில்
முப்பத்தெட்டு வருஷம் பூட்டிக் கிடந்தது
பாரகூடா.

சைகோனிலிருந்து கப்பலில் வந்திறங்கியபோது
அந்தப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை.
‘அட, நம்ம சீலா மீன்’ என்றாராம்
நாகப்பட்டினம் துறைமுகத்து குமாஸ்தா.
அன்றிலிருந்து சீலா.
இடப்பக்கம் ஸ்டியரிங், வயிற்றில் எட்டு சிலிண்டர்,
எந்த வாய்க்கால் பாலத்திலும்
இன்னொரு வண்டிக்கு இடம் விடாத அகலம்.

கஜா கூரையைத் தூக்கிப் போன பிறகுதான்
அதன் முதுகில் வெயில் பட்டது.
வழக்காடிய இருவரும் அதற்குள்
ஒரே கபரஸ்தானில், பத்தடி தள்ளித் தள்ளி.

ஜெய்னுல் மஞ்சள் பையில் ஆர்.சி. புத்தகத்தோடு வந்தான்.
‘திறக்கலாமா?’
என்னைக் கேட்கவில்லை, காரைக் கேட்டான்.

நான் பம்ப்செட் சாமான் விற்கிறவள்.
ஒற்றை சிலிண்டரின் இருமல் தெரியும்,
அதற்கு மருந்தும் தெரியும்.
இது எட்டுப் பேர் இருமும் வீடு.

ஏர் கிளீனருக்குள் எலி கட்டிய குடித்தனம்:
உமி, தேங்காய் நார்,
வக்கீல் நோட்டீஸில் கடித்த ஒரு துண்டு.
‘மேற்படி வாகனத்தை’ வரைக்கும்தான் மிச்சம்.
டேங்கில் பெட்ரோல் பாகாய்த் திரண்டு
பழைய வார்னிஷ் நாற்றம்.

பிளக் குழிகளில் எண்ணெயும் டீசலும் ஊற்றி
நான்கு நாள் விட்டோம்.
ஐந்தாம் நாள், நீளக் கம்பி போட்டு இருவரும் தொங்க,
கிராங்க் அசைந்தது
ஒரு நெல் அளவு.
அப்புறம் ஒரு விரற்கடை.
மக்ரிப் பாங்குக்குள் ஒரு முழுச் சுற்று.

இடப்பக்கச் சக்கரத்தில் இரண்டு போல்ட் முறிந்த பிறகே
அதன் தலையில் இருந்த எழுத்தைப் பார்த்தோம்.
அந்தப் பக்கத்துக்கு மட்டும் மரை எதிர்த்திசை.
கழற்றுவதாய் நினைத்து
இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.
ஜெய்னுல் சிரித்துவிட்டான்.
நான் சிரிக்கவில்லை,
ஸ்பானர் என் கட்டைவிரலில் விழுந்திருந்தது.

இஞ்சின் மேல் வார்ப்பிலேயே பதிந்திருந்தது
எது முதலில் எரிய வேண்டும் என்கிற வரிசை.
அவன் துருவைத் துடைத்துத் துடைத்துப் படித்தான்,
நான் ஒயரை மாட்டினேன்.
ஒன்று.
எட்டு.
நான்கு, மூன்று.
ஆறு, ஐந்து…
இரு, இரு. ஆங், ஏழு.
இரண்டு.
எங்கள் இரு வீடுகளுக்குள்
அதுவரை நடந்த மிக நீளமான பேச்சு.

டிராக்டர் பேட்டரி.
குளுக்கோஸ் பாட்டிலைத் தலைகீழாய்க் கட்டி
அதன் குழாய் வழியே பெட்ரோல்.
முதல் தடவை ஒன்றுமில்லை.
இரண்டாவதில் வெடி, வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்தன.
மூன்றாவதில் பிடித்தது.
எதிர் டீக்கடையில் கிளாஸ்கள்
ஒன்றையொன்று தட்டிக்கொண்டு நகர்ந்தன.
எலி வீட்டின் மிச்சம் சைலன்சர் வழியே
கறுப்பாய், பிறகு வெள்ளையாய்.

யார் ஓட்டுவது?
எனக்கு லைசென்ஸ் இருந்தது, அவனுக்கு இல்லை.
வழக்கு அங்கேயே தீர்ந்தது.

வடபாதிமங்கலம் சாலையில் மெல்ல ஊர்ந்தோம்.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் உறவுக்காரன் மாதிரி
பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி ஜெய்னுல்.
முன்னூறு கஜம்.
வளைவு திரும்பினால்
சாலை முழுக்கக் குறுவை நெல்.

பிரேக், முதல் மிதியில் காற்று,
இரண்டாவதில் ஏதோ, மூன்றாவதில் நின்றது
நெல்லுக்கு ஒரு சாண் இருக்கையில்.
ரிவர்ஸ் விழவில்லை. திட்டிப் பார்த்தேன், விழவில்லை.

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அமிர்தவள்ளி
நடந்து வந்து பானட்டில் உள்ளங்கை வைத்து
வெடுக்கென்று எடுத்தாள்.
திரும்பிப் போனாள்.
சாக்கு ஒன்றை விரித்து, முறத்தால் அள்ளி அள்ளி
சீலாவின் மூக்கு நீளத்துக்கும் பரப்பினாள்.

‘சென்டர்ல நேத்து பத்தொம்போதுன்னு திருப்பிட்டான்.
பதினேழு வரணும்.
ஆஃப் பண்ணிராதீங்க.’

ஜெய்னுல் பாட்டிலை அண்ணாந்து பார்த்தான்.
கால்வாசி இருந்தது.