பதினெட்டாம் படி

வரைபடத்தின் இரண்டு ஓரங்களிலும்
அளவு காட்டும் முனைகள் மட்டும் நிற்கின்றன.
நடுவே, மேடு எழ வேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை.
பன்னிரண்டு மாதிரிக்கும் அதே ஒன்றுமில்லை.

ஒன்று கெட்டால் மாதிரியைச் சந்தேகிக்கலாம்.
பன்னிரண்டும் கெட்டால்
கையைத்தான்.

தக்கீராவின் அலையாத்திக் காட்டில்
ஆகஸ்ட் உச்சிவெயிலில் பறித்த இலைகள்.
முழங்கால் சேற்றில் நின்று டாக்டர் இஹ்சான் நீட்ட நீட்ட
திரவ நைட்ரஜனில் போட்டு மூடினேன்.
இனி அந்த வெயில் அடுத்த வருடம்தான்.
என் விசா அதுவரை வருமோ என்னவோ.

தோஹாவில் மணி இரவு பதினொன்று.
டிப் பெட்டியை எண்ணுகிறேன்.
காலியாக வேண்டிய வரிசைகளில்
ஒன்று காலியாகவில்லை.

ஃப்ரீசரைத் திறந்து
குழாய்களை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒட்டும் நொதி குறைந்திருக்கிறது,
பெருக்கும் நொதி குறைந்திருக்கிறது,
வெட்டும் நொதி மட்டும்
வாங்கி வந்த அன்று போல.

ஆளுக்கு மூன்று மைக்ரோலிட்டர்.
ஒரு கொசு ஒருவேளை குடிக்கும் அளவு.
அது இல்லாமல் அடாப்டர்
ஒட்டியும் திறக்காத கொண்டி.
வளைவின் நடுவில் ஓர் எழுத்தை வெட்டினால் போதும்,
வெட்டவில்லை.
பிசிஆர் பன்னிரண்டு சுற்றும்
பூட்டிய கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறது.

தாளில் படி பதினெட்டு: நீல மையில் டிக்.
பக்கத்தில் என் கையெழுத்து, மாலை ஐந்து பத்து.

ஐந்து பத்துக்கு நான் வராந்தாவில் நின்றேன்.
மந்தூப் போனில்:
"உன் கைரேகை சரியாக விழவில்லை, நாளைக்கு மறுபடி வா."
ஸ்பிரிட்டும் கையுறையும் தின்ற ரேகை, எப்படி விழும்?
எரிச்சலோடு உள்ளே வந்து
நேரத்தைப் பிடிக்க
முதலில் டிக்கைப் போட்டேன்.

எங்கள் அழகர்மலைப் பக்கம்
பதினெட்டாம் படியில் நின்று பொய் சொல்ல
கொலைகாரனுக்கும் நாக்கு எழாது.

நல்லவேளை, சுத்தம் செய்த கரைசலில்
பாதியை எடுத்து வைப்பது என் பழக்கம்.
கஞ்சப் பிசினாறி என்று மரிவிக் கேலி செய்வாள்.
அந்தப் பாதியில் இப்போது
மூன்று, மூன்று, மூன்று
என்று வாய்விட்டு எண்ணியபடி விடுகிறேன்.
முப்பத்தேழு டிகிரி, பதினைந்து நிமிடம்.
கோடையில் இந்த ஊர் நள்ளிரவின் சூடு.

திறக்கலாம். பாதிதானே, போதாமலும் போகலாம்.

அதற்குள் தாளை எடுத்தேன்.
டிக்கை அழிக்கக் கூடாது, குறுக்கே ஒரே கோடு,
அடியில் இருப்பது தெரிய வேண்டும் என்பது விதி.
கோடு கிழித்தேன்.
செய்யவில்லை என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு
'நான்' என்று எழுதினேன்.