கேமரா விழுந்த பிறகு

பின்லாந்தின் கிழக்கு விளிம்பில் எங்கள் ஊர்.
நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
அப்படியிருந்தும்
இருட்டுக்குள் உட்காரக் காசு கொடுத்து வருகிறார்கள்.
எண்பத்திரண்டு இருக்கைகள். அன்று இருபத்தாறு பேர்.
சீட்டுகளைக் கிழித்துவிட்டு மாடியேறி
புரொஜெக்டர் அறையின் சிறு சன்னலில் நிற்பேன்.
படத்தைப் பார்ப்பதில்லை,
பிடரிகளைப் பார்ப்பேன்.

படம் இவ்வளவுதான்:
நான்கு மாணவர்கள் கேமராவோடு காட்டுக்குள் போகிறார்கள்.
கேமரா மட்டும் திரும்பி வருகிறது.

அரைமணி போவதற்குள் தைஸ்தோ சிரித்துவிட்டான்.
பனியில் சறுக்கிப் பள்ளத்தில் கிடக்கும் கார்களை
இழுத்து வெளியே போடுவது அவன் வேலை.
"அட, அது நட்டு வளர்த்த காடுப்பா!
மரவரிசையைப் பிடித்து நடந்தால்
இருபதே நிமிடத்தில் தார்ச்சாலை"
என்று திரைக்கு வழி சொன்னான்.

முன்வரிசைப் பையன்கள்
பயமில்லை என்று காட்டுவதற்காகவே
மிட்டாய் உறைகளைச் சரசரத்துக்கொண்டிருந்தார்கள்.
கூடாரத் துணிமேல் வெளியிலிருந்து ஒரு கை
மெல்லப் பதிந்தது.
அதன்பிறகு மிட்டாய் தின்ற சத்தமே இல்லை.

ஸிர்க்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.
பயமா என்றேன்.
"இல்லை, படகில் போனாலும் இப்படித்தான்.
அந்தப் பிள்ளைகளுக்குக் கேமராவை
நேராகப் பிடிக்கத் தெரியாதா?"

ஓரத்தில் ரெய்யா
கணவனின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தாள்.
அவன் நல்ல தூக்கத்தில் இருந்தான்.
வீட்டுக்குப் போகும் வழியில்
அதுவேறு ஒரு படமாக ஓடியிருக்கும்.

கடைசியில் கேமரா விழுகிறது.
நான்கு நிமிடம்
சாய்ந்த பாசி, சாய்ந்த புல்.
யாருடையதோ மூச்சு,
பிறகு அதுவும் இல்லை.
ஒரு வண்டு வருகிறது,
கண்ணாடியின்மேல் ஏறி
தன் வயிற்றைக் காட்டிவிட்டுப் போகிறது.

"இதற்கா பதினான்கு யூரோ?" என்றான் தைஸ்தோ.
பையன்களில் ஒருவன்
அந்த வண்டுதான் பேய் என்று சத்தியம் செய்தான்.
நல்லவேளை முடிந்தது என்று யாரோ கைதட்ட
வேறு யாரோ அதட்டினார்கள்.

எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும்
ஹெல்வி நின்றுகொண்டிருந்தாள்.
"அந்தக் கேமராவை எடுத்தது யார்?"

படத்தில் காட்டவில்லை என்றேன்.

"யாரோ ஒருத்தர் குனிந்துதானே எடுத்திருக்கணும்"
என்றவள், கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலம்.
காட்டுப்பழம் பறிக்கப் போனவரைத் தேடி
ஒன்பது நாள்,
கைக்கெட்டும் தூரத்தில் ஆளோடு ஆள் வரிசையாக
சதுப்பில் நடந்தவர்களில் அவளும் ஒருத்தி.
கிடைத்தது ஒரு வாளி.
பாதிவரை சிவப்புப் பழம்.

"நான்தான் குனிந்து எடுத்தேன்.
நான்தான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை.
வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு
பழத்திலிருந்து
இலைகளைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள்."

பயமாக இருந்ததா என்று ஹெல்வியிடம்
நான் கேட்கவில்லை.
படம் நன்றாக இருந்தது என்று அவளாகவே சொன்னாள்.
முக்கியமாக அந்தப் புல்.

வெளியே வண்டி வெளிச்சம் பட்டு
கோட்டுகளில் தொங்கும் ஒளிர்வில்லைகள்
மினுங்கின, அணைந்தன.
ஆட்களைக் காணோம், வில்லைகள் மட்டும்
இடுப்புயரத்தில் நடந்துபோயின.

கதவைச் சாத்தி, கூட்டப் போனேன்.
முன்வரிசையில் தின்னாத மிட்டாய்கள்.
நான்காம் வரிசையில்
கீழே ஒரு கையுறை.
விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தேன்.
பிறகு குனிந்தேன்.
உள்ளே இன்னும் சூடு இருந்தது.

சீட்டு மேசைக்குப் பின்னால்
ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.
பனி வந்துவிட்டது.
இதுவரை யாரும் கேட்கவில்லை.