ஒத்தக்கை

லிந்துலைக்கு மேலே, பழைய வண்டிப்பாதையின்
ஆறாவது முடக்கில் நிற்கிறது.
ஒரு கை எப்போதோ போய்விட்டது.
மிச்சக் கை கீழ்ப்பக்கம் நீண்டு
ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வதுபோல் இருக்கும்.
பஸ்காரன் கத்துவான்: ஒத்தக்கை, ஒத்தக்கை எறங்கு.

தன் ஊரில், ஆயிரம் வருஷத்துக்கு முன்
பாதையோரம் நட்ட சிலுவையை நினைவில் வைத்து
இதைச் செதுக்கச் சொன்னானாம் ஒரு தொரை,
காய்ச்சலில் போன தம்பிக்காக.
உடம்பு முழுக்கப் பின்னிய கொடி.
எங்கே தொடங்குகிறதென்று விரல் வைத்தால்
பாசியில் வழுக்கி, வைத்த இடத்துக்கே வரும்.
பெயர் இருந்த இடத்தில் இரண்டு எழுத்தும் ஒரு நத்தையும்.
செதுக்கியவன் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை;
நான் சுற்றிப் பார்த்தேன்.

கித்தேரிக்கு அது சுமைதாங்கி.
கொழுந்துச் சாக்கை அந்தக் கையில் சாய்த்து,
படங்கை உதறி, காலில் அட்டையைப் பிடுங்கி,
'கொஞ்சம் புடிச்சிக்க தொரை' என்பாள்.

பாதையை அகலமாக்க அளந்தபோது
நாடாவின் மறுமுனை என் கையில்.
சர்வேயர் விஜேகோன் மழைக்கோட்டுக்குள்ளிருந்து
பழைய படத்தின் நகலை எடுத்தார்.
கல்லைச் சுற்றிச் சிவப்புக் கோடு.
உறுதி இருக்கிறது, என்றார்.
இரண்டு பேர்ச், செத்தவன் பேரில்.
தோட்டமும் தொட முடியாது, ரோட்டும் தொட முடியாது.

கித்தேரி சாக்கை இறக்கவில்லை.
'ரெண்டு பேர்ச்சா?'
பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, நாலு தலைமுறை;
ஏழு பேர்ச் தருகிறோம் என்பதை
மூன்று தேர்தலில் கேட்டவள்.
'இவருக்குப் புள்ளகுட்டி?'
இல்லை, என்றார் விஜேகோன்.
அவள் சிரித்ததில் தவறொன்றுமில்லை.
ஆனாலும் நான் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டு வளைந்துதான் போனது.
அடுத்த மாசம் பார்த்தால் கல்லடியில்
நாலு கம்பு, ஒரு சௌசௌக் கொடி.
கணக்கப்பிள்ளை பிடுங்க வந்தாராம்.
'இது தொரையோட காணி.
அவருகிட்ட கேட்டுட்டுப் புடுங்குங்க.'

கல்லில் வெட்டிய கொடியின் பள்ளங்களில்
பச்சைக் கொடி சுருண்டு ஏறுகிறது.
சில இடத்தில் ஒத்துப்போகிறது,
சில இடத்தில் தன்பாட்டில்.
இல்லாத கையின் பக்கம் வந்ததும்
வெறும் காற்றைக் கொஞ்சம் தடவிப் பார்க்கிறது.

முதல் காயை அடியில் வைத்தாள். வாடகையாம்.
பொழுது சாய்வதற்குள்
குரங்கு வசூலித்துப் போய்விட்டது.