ரிட்டர்ன் லொறி

ஐம்பது ரூபாய் முத்திரை ஒட்டினால்
பொகவந்தலாவையிலிருந்து மன்னாருக்கு
ஒரு கடிதம் போய்விடும்.
பதினோரு வருசமாய்த் தபால் கந்தோரில்
அந்த ஊர் உறைகளுக்கு எத்தனை சீல் குத்தியிருப்பேன்,
ஊரைப் பற்றி யோசித்ததில்லை.
இப்போது இடமாற்றக் கடிதத்தில்
என் பேரும் அதுவும் ஒரே வரியில்.

மூடிய கேன்டர் எண்பத்தையாயிரம்,
ஏற்றுக்கூலி தனி.
பட்டா லொறி என்றால் ஐம்பத்திரண்டு,
ஆனால் அலுமாரியா கட்டிலா, ஒன்றுதான் ஏறும்.
ரயிலில் பார்சல் போடலாம் என்றார் தவசீலன்:
ஹட்டனில் ஏற்றி, கோட்டையில் இறக்கி,
மன்னார் ரயிலுக்கு மாற்றினால் முடிந்தது.
சரி, கோட்டையில் யார் தூக்குவது?
இடுப்பைத் தடவிக்கொண்டே
அவர் தேத்தண்ணி கேட்டார்.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்.
கந்தோர்த் தராசு
கண்ணுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.
அலுமாரி வாங்கியது பதினெட்டாயிரத்துக்கு,
அதன் இடத்துக்கு லொறிக்காரன் கேட்பது இருபது.
விறகடுப்புக்கு வாங்கிய இரும்புச் சட்டம்,
தூக்கினால் பதினைந்து கிலோ,
விற்றால் முந்நூறு.
கட்டிலைக் கழற்றியபோது
நாலு போல்ட்டில் ஒன்று தொலைந்தது.
பக்கத்துக் காம்பரா சூசை
மூன்று காலோடு வாங்கிக்கொள்கிறேன் என்றார்,
ஆயிரத்தைந்நூறு, சம்பளம் போட்டதும்.
சம்பளம் போடும் நாளில்
நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பேன்.
அவருக்கும் அது தெரியும்.

கம்பளி ஏழு.
அந்த வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்றார்,
நியாயமாகத்தான் பட்டது.
பிறகு பீங்கான் கோப்பைகளைப் பார்த்தேன்,
நிலைக்கண்ணாடியை, டீவியை.
இத்தனை வருசம் நாங்கள் போர்த்தினோம்,
இனி அவை போர்த்திக்கொள்ளட்டும்.

பெரியண்ணன் கடைக் கொப்பி
எங்களுக்கு முன்பே செய்தி கேட்டுவிட்டது.
போன மாதம் வரை
"இருக்கட்டும், அவசரமில்லை" என்றவர்
மகனிடம் சீட்டு அனுப்பினார்:
ஆறாயிரத்து நானூற்று இருபது.
அந்த இருபது ஒரு நெருப்புப்பெட்டி.

அந்தக் கடையில்தான் நிஸ்தாரைக் கண்டேன்,
மன்னாரிலிருந்து கருவாடு இறக்கிக்கொண்டிருந்தார்.
திரும்பும்போது?
"வெறும் லொறிதான்."
வெறும் லொறி எவ்வளவு?
தலையைச் சொறிந்து, டயரை உதைத்துப் பார்த்து,
முப்பத்தெட்டு என்றார்.
முப்பத்தைந்துக்கு இறங்கினார்.
அன்றிரவு தவசீலன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.
"நம்ம துணிமணியெல்லாம் நாறிப்போகும்.
புது ஊருல கருவாட்டுக்காரங்கன்னு சொல்லுவாங்க."
மன்னாரில் அதைச் சொல்ல
யாருக்கு மூக்கு இருக்கும் என்றேன்.
ஐம்பதாயிரம் மிச்சம் என்றும் சொன்னேன்.
அதற்குப் பிறகு சாப்பிட்டார்.

லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே
அறுபத்து நாலு படி.
தூக்க வந்த பொடியன்கள் இரண்டு பேரும்
படியை எண்ணிவிட்டுத்தான் விலை பேசினார்கள்.
மழைத் தூறல், பாசி,
ஃபிரிஜ் மட்டும் நாற்பதாவது படியில்
பத்து நிமிசம் உட்கார்ந்திருந்தது.
தேயிலைச் செடிக்குள் நின்ற பெண்கள்
கொழுந்தை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள்.

லொறிக்குள் ஏறி நின்று
கம்பளி மூட்டையை வாங்கிய நிஸ்தார்
முகத்தருகே கொண்டுபோய் நின்றுவிட்டார்.
"இதென்ன தங்கச்சி, இப்படிப் புகை மணக்குது?
என்ட லொறியில ஒட்டிரும் போல."
நான் ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.
எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.
தவசீலனிடம் கொடுத்தேன்,
அவருக்கும் இல்லை.
இரண்டு பேரும் அந்தக் கம்பளியை
ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றோம்.

முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம்.
காலண்டர் தாள் என் ஜாக்கெட்டுக்குள்,
கூட்டி, கழித்து, அடியில் கோடு போட்டு.
கினிகத்தேனைக்கு இறங்கும் மூன்றாவது வளைவில்
கிருஷ்மி வாந்தி எடுத்தாள்.
பொலித்தீன் பை
கணக்கில் இல்லை.
தாளைத்தான் விரித்துப் பிடித்தேன்.